பொறுமையும் மௌனமும்

நம் கதைகளில் ஒரு நல்ல நோயாளி அடிக்கடி வருகிறாள். பெரும்பாலும் அவள் ஒரு தாய். நெஞ்சில் வலி இருக்கும். வாய் திறந்து சொல்லமாட்டாள். கால் வீங்கியிருக்கும், சேலைக்குள் மறைத்துக்கொள்வாள். மக்கள் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். இறுதியில் ஒருநாள் அடுப்படியிலோ தொழுகை விரிப்பிலோ சாய்ந்துவிடுவாள். பொறுமையின் வடிவம் என்று அவளைப் போற்றிக் கதாசிரியர் கதையை முடிப்பார். படிப்பவர் கண்ணீர் சிந்துவர். அக்கண்ணீரோடு ஒரு கேள்வியும் எழ வேண்டும், எழுவதில்லை. அவள் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

இது மருத்துவத்தைச் சார்ந்த கேள்வி மட்டுமன்று. இலக்கியத்தைச் சார்ந்த கேள்வியுமாகும். எது நற்பண்பு, எது குறை என்பதை நம் வீடுகள் பெரிதும் கதைகளின் வாயிலாகவே கற்றுக்கொள்கின்றன. நோயை மறைத்தவளைப் போற்றும் ஒரு கதை, அதைப் படிக்கும் வீடுகளில் இன்னும் பலரை மறைக்கச் சொல்லும். ஆகவே பொறுமை வேறு, மௌனம் வேறு என்னும் வேறுபாட்டை முன்னோர் நூல்கள் எவ்வாறு கண்டன, பிற்கால நூல்கள் எவ்வாறு காட்டின என்பதை நிதானமாக ஆராய்வது நலம். அரபும் தமிழும் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையிலும், நெடுநாளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவன் என்ற முறையிலும் இவ்வாராய்ச்சி நமக்கு நெருக்கமானது.

முதல் ராவி

வந்து போகும் நோய் வேறு. வந்து தங்கும் நோய் வேறு. காய்ச்சலில் கிடப்பவன் வாய் பேசாவிட்டாலும் அவன் உடம்பின் சூடு பேசும். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இழுப்பு, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு போன்ற நாட்பட்ட நோய்கள் அப்படிப்பட்டவை அல்ல. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறையோ சில நிமிடங்கள் மருத்துவர் பார்க்கிறார். எஞ்சிய நாட்களிலும் இரவுகளிலும் அந்நோயைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நோயாளி ஒருவரே.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால் முதலில் கேட்கப்படுவது, இதை நேரில் கேட்டவர் யார், கண்டவர் யார் என்பதேயாகும். மருத்துவர் எத்துணைப் பெரியவராயினும் நோயாளியின் உடலுக்குள் நடப்பதைப் பொறுத்தவரை அவர் கேட்டறிந்து சொல்பவரே. நேரில் கண்ட முதல் ராவி நோயாளிதான். அவர் வாய் மூடினால் ஸனது தொடக்கத்திலேயே அறுந்துபோகிறது. பரிசோதனைக்கூடம் இருக்கிறதே என்பார்கள். காலையில் எடுத்த இரத்தம் காலையின் நிலையைச் சொல்லும். நள்ளிரவில் உடல் வியர்த்துக் கை நடுங்கி விழித்ததைச் சொல்லாது. மூன்று மாதச் சர்க்கரையை அறிவிக்கும் சோதனையும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றாக்கிச் சராசரியையே அறிவிக்கிறது. மிகத் தாழ்ந்த ஓர் இரவும் மிக உயர்ந்த ஒரு பகலும் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். அவற்றை எடுத்துரைக்க ஒரு நாவு வேண்டும்.

நோயாளியின் நான்கு பண்புகள்

தமிழ் மறை எனப்படும் திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பது. அதன் இறுதிக் குறள் மருத்துவம் நான்கு உறுப்புகளால் ஆனது என்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிபவன் என்பவை அவை. வள்ளுவர் முதலில் வைத்தது மருத்துவனை அன்று. நோயாளியையே முதலில் வைத்தார். நோயாளி மருத்துவத்திற்கு ஆட்படும் பொருள் மட்டுமல்லன். மருத்துவத்தின் ஓர் உறுப்பும் ஆவான்.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்பையும் நான்கு வகையாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயாளிக்குரியனவாக அவர் கூறும் நான்கில் முதலாவது பொருள் உடையவனாதல். இரண்டாவது மருத்துவன் சொல்வழி நடத்தல். மூன்றாவது நோயின் நிலையை உணர்த்துதல். நான்காவது மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்தல்.

இப்பகுப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பொறுமை இங்கே இருக்கிறது. ஆனால் அது கசப்பையும் கத்தியையும் பொறுக்கும் பொறுமை. நோயைச் சொல்லாமல் இருப்பதற்குப் பொறுமை என்று அவர் பெயரிடவில்லை. சொல்லுதலைத் தனிப் பண்பாக எண்ணி, பொறுத்தலுக்கு முன்னே நிறுத்துகிறார். கீழ்ப்படிதலும் உணர்த்துதலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றதற்குப் பகையில்லை. பொருளுடைமையை முதலில் கூறியதும் உலகியல் அறிந்த கூற்றேயாகும். எழுதிக்கொடுத்த மருந்தை வாங்கக் காசில்லை என்று சொல்லக் கூசி, நாளுக்கு இரண்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்து விழுங்குபவர் நம் ஊர்களில் எத்தனை பேர்! குணமில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். இவர் மேலும் குறைக்கிறார். இருவருக்கும் நடுவில் சொல்லப்படாத ஒரு வாக்கியம் கிடக்கிறது.

வடமொழிச் சரக சம்ஹிதையும் நோயாளியின் நற்பண்புகளுள் நோயை எடுத்துரைத்தலைச் சேர்க்கிறது. அச்சமின்மையையும் அதனோடு சேர்த்திருப்பது நம் கவனத்துக்குரியது. மருத்துவர் முன் அஞ்சி நிற்பவனால் உள்ளதை உள்ளபடி சொல்ல இயலாது என்பதை அந்நூலார் அறிந்திருந்தனர் போலும்.

தலைப்பில் அடங்கிய தீர்ப்பு

இனி நம் வீடுகளில் மௌனத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும் ‘ஸப்ர்’ என்பதற்கு வருவோம். அரபு மொழியில் ‘இஷ்தகா’ என்னும் வினைச்சொல்லுக்கு முறையிட்டான் என்றும் நோயுற்றான் என்றும் இருபொருள் உண்டு. நோயும் முறையீடும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு, நோயுற்றவன் சொல்லுவான் என்பது இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஸஹீஹில் நோயாளிகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. ‘கிதாபுல் மர்ளா’ என்பது அதன் பெயர். இமாமவர்களின் சட்ட ஞானம் அவர்கள் இட்ட தலைப்புகளிலே அடங்கியிருக்கிறது என்று மத்ரஸாக்களில் ஓதுவோர் அறிவர். அப்பகுதியில் ஒரு பாடத்தின் தலைப்பு, தனக்கு வேதனை இருக்கிறது, தலை நோகிறது, வேதனை மிகுந்துவிட்டது என்றெல்லாம் நோயாளி சொல்ல அனுமதி உண்டு என்னும் கருத்தில் அமைந்துள்ளது. அத்தலைப்பிலேயே நபி அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் எடுத்துரைத்ததையும் இமாமவர்கள் சேர்த்துவிட்டார்கள். பொறுமைக்கு எவரை நாம் உவமையாகக் கூறுகிறோமோ, அவரையே பேசுவதற்குச் சான்றாக நிறுத்தியுள்ளார்கள்!

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழுந்ததுண்டு. அய்யூப் நபி இறைவனிடமன்றோ முறையிட்டார்கள், மனிதரிடம் அன்றே. இது தலைப்புக்குப் பொருந்துமா என்று இப்னுத் தீன் கேட்டார். 1449இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் தம் விரிவுரையில் இதை எடுத்துக்கொண்டு, முறையிடுதல் எல்லாமே தடுக்கப்பட்டதன்று என்பதையே புகாரீ குறிப்பாக உணர்த்தியிருக்கலாம் என்று விடையளிக்கிறார். இது நுட்பமான திறனாய்வு. அப்பாடத்தில் வரும் செய்திகளும் அதற்கு அரண் செய்கின்றன. தலைவலி என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்னபோது, தமக்கும் தலைவலி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே மொழிந்தது அங்கே பதிவாகியுள்ளது.

அதே கிதாபில் மற்றொரு பாடத்தில் வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணியின் செய்தி வருகிறது. இலக்கிய நோக்கிலும் இது அரிய செய்தி. அவர் நபிகளாரிடம் தாமே வந்தார். தமக்காகப் பேச வேறொருவரை அனுப்பவில்லை. நோயின் பெயரை மட்டும் கூறி நிறுத்தாமல், வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுகிறது என்ற தம் தனித் துயரத்தையும் கூறினார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய இறைஞ்சுவேன் என்று அவருக்குத் தேர்வு அளிக்கப்பட்டது. அவர் பொறுமையைத் தேர்ந்தார். தேர்ந்த பின்னும் மௌனமாகத் திரும்பிவிடவில்லை. ஆடை விலகாதிருக்க மட்டும் இறைஞ்சுமாறு கேட்டார். அவ்வாறே இறைஞ்சப்பட்டது. பொறுமையை மேற்கொண்ட ஒருவர், அதே மூச்சில் தமக்கு வேண்டியதையும் தெளிவாகக் கேட்டுப் பெறுகிறார். பொறுமையும் மௌனமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

1350இல் மறைந்த இப்னுல் கையிம் பொறுமையைப் பற்றியே எழுதிய ‘உத்ததுஸ் ஸாபிரீன்’ என்னும் நூலிலும், உதவி நாடித் தன் நிலையைச் சொல்வது பொறுமைக்கு மாறன்று என்று கூறி, மருத்துவரிடம் நோயாளி தன் துன்பத்தைச் சொல்வதை எடுத்துக்காட்டாக வைக்கிறார். விதியை நொந்து புலம்புவது ஒன்று. நிலையை அறிவிப்பது மற்றொன்று. நம் கதாசிரியர்கள் பலர் முதலதை விலக்கப் புகுந்து, இரண்டாவதையும் சேர்த்து விலக்கிவிட்டார்கள்.

இமாம் கஸ்ஸாலீயின் வாக்குமூலம்

நிலையை அறிவிப்பது எவ்வாறு என்பதற்கு இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் ‘அல் முன்கித் மினள் ளலால்’ ஒரு சிறந்த மாதிரி. அதைத் தத்துவ நூலாகவும் ஆன்ம வரலாறாகவும் போற்றுவர். நோயாளியின் வாக்குமூலமாகப் படிப்போர் குறைவு. ஹிஜ்ரி 488, ரஜப் மாதம், கி.பி. 1095. பக்தாதின் நிஜாமிய்யாவில் பெரும் ஆசிரியராக விளங்கியவருக்கு உள்ளத்தில் ஏறக்குறைய ஆறு மாதப் போராட்டம். அதன் முடிவில் நா கட்டிக்கொண்டது. மாணவர்களை மகிழ்விக்க ஒருநாளேனும் பாடம் நடத்த முயன்றார்; ஒரு சொல்லும் எழவில்லை. அதனால் உள்ளத்தில் கவலை, கவலையால் செரிமானம் கெட்டது, உணவும் நீரும் இறங்கவில்லை, உடல் தளர்ந்தது. நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியது என்றும், உட்கவலை நீங்கினாலன்றிச் சிகிச்சைக்கு வழியில்லை என்றும் மருத்துவர்கள் கூறியதையும் எழுதுகிறார்.

ஐம்பது வயதைக் கடந்த பின் எழுதிய இப்பகுதியில் புலம்பல் ஒன்றும் இல்லை, தற்பெருமையும் இல்லை. எது முதலில் வந்தது, எதனால் எது விளைந்தது என்று வரிசை பிறழாமல் சொல்கிறார். மருத்துவர்களை இகழவும் இல்லை, அவர்களிடம் தம்மை முழுதும் ஒப்படைத்துவிடவும் இல்லை. அவர்கள் சொன்னதை எடைபோட்டுத் தம் வழியைத் தாமே தேர்ந்தார். நா அடங்கிப்போன நாட்களைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பேசிய நூல் வேறு அரிது.

பேசாத வீடு

இருபதாம் நூற்றாண்டின் அரபு உரைநடையில் தாஹா ஹுஸைனின் ‘அல் அய்யாம்’ நிலைத்த புகழுடையது. அதன் முதற்பகுதி 1929இல் நூலாயிற்று. 1889இல் எகிப்தின் ஒரு சிற்றூரில் பிறந்த ஆசிரியர், கண்நோயுற்ற குழந்தையாக நாவிதரின் சிகிச்சைக்கு உட்பட்டுப் பார்வையை இழந்தவர். அந்நூலில் நம்மை உலுக்கும் பகுதி அவருடைய கண்ணைப் பற்றியதன்று. நான்கு வயதுத் தங்கையின் மரணம் பற்றியது. பெருநாளை ஒட்டிய நாட்கள். குழந்தை சோர்ந்து கிடக்கிறது. வீட்டில் பிள்ளைகள் பலர், வேலைகள் பல, எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் கதறல் தொடங்குகிறது. தாய் இறைஞ்சுகிறாள், மருத்துவரை அழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 1902இல் பரவிய காலராவில் இறந்த அண்ணனோ மருத்துவப் படிப்பில் சேர்ந்தவன். ஊரில் மருத்துவருக்கு உதவியாக இருந்தவன். அவனும் நோய் கண்ட இரவில் பிறர் உறக்கம் கலையக் கூடாதென்று ஓசையின்றி வெளியே சென்று வாந்தியெடுக்கிறான்.

நம் கதாசிரியர் ஒருவர் கையில் இக்காட்சி கிடைத்திருந்தால் அண்ணனின் பண்பைப் போற்றியிருப்பார். தாஹா ஹுஸைன் போற்றவும் இல்லை, தூற்றவும் இல்லை. நடந்ததை அடுக்கி வைக்கிறார். குழந்தைகளின் வலி முறையீட்டைப் பொருட்படுத்தாத வழக்கத்தை மட்டும் கடிந்து பேசுகிறார். தம்மையே ‘அவன்’ என்று படர்க்கையில் அவர் எழுதுவது வெறும் உத்தியாக நமக்குத் தோன்றவில்லை. பேசத் தெரியாதிருந்த சிறுவனுக்காக, வளர்ந்த ஒருவர் வழக்குரைஞராக நின்று வாதாடுகிறார் என்றே கொள்ள வேண்டும். வழக்கு காலங்கடந்தது, தீர்ப்பால் கண் திரும்பாது. எனினும் அந்த வீட்டைப் படித்தவர்கள் தம் வீட்டுக் குழந்தையின் முனகலுக்கு எழுந்து பார்ப்பார்கள்.

கேட்டும் விடை பெறாதவன்

நோயாளி பேசாததால்தான் கேடு என்று முழுப் பழியையும் அவர்மேல் சுமத்துவது நீதியாகாது. பேசியும் கேட்கப்படாதவர் உண்டு. 1886இல் வெளிவந்த டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ இதனைக் காட்டும் கதை. இவான் இலியிச் ஒரு நீதிபதி, கற்றவர், வசதியுடையவர். மருத்துவரிடம் அவர் அறிய விரும்புவது ஒன்றே: தம் நோய் ஆபத்தானதா, இல்லையா? மருத்துவரோ எந்த உறுப்பில் கோளாறு என்னும் ஆராய்ச்சியில் மூழ்கி, அக்கேள்வியைத் தகாத கேள்வியாக ஒதுக்கிவிடுகிறார். வழக்குமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டோரிடம் தாம் காட்டிவந்த அதே தோரணையை மருத்துவரிடம் காண்கிறார் நீதிபதி.

கதையின் வன்மை இவ்விடத்தில் இருக்கிறது. மருத்துவர் கொடியவராகக் காட்டப்படவில்லை. அதிகார இருக்கையில் அமர்ந்த எவரும் எதிரே நிற்பவரின் கேள்வியைத் தம் கேள்வியாக மாற்றிவிடுவர் என்பதே காட்டப்படுகிறது. ஆசிரியர் தொழிலில் இருக்கும் நமக்கும் இது பொருந்தும். நிமிர்ந்து பாராமலே மருந்துச்சீட்டு எழுதி முடிக்கும் மருத்துவரைக் குறை கூறும் நாம், மாணவன் கேள்வியை முடிக்கும் முன் விடை சொல்லத் தொடங்குகிறோம் அன்றோ? ஆகவே நோயாளி ஒருமுறை கேட்டு விடை பெறாவிடில் இரண்டாம் முறையும் கேட்க வேண்டியவராகிறார். அது அடக்கமின்மை ஆகாது.

கணக்கு வைத்த பொறியாளர்

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்ட ஒருவரின் நூல் ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்கரான ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் 1934இல் பிறந்தவர். 1946இல், 12 வயதில், சர்க்கரை நோயாளியானார். பொறியாளராகத் தொழில் செய்தார். இளமையிலேயே உடல் பலவாறு கெட்டது. 1969இல் இரத்தச் சர்க்கரையை உடனே அளக்கும் கருவி ஒன்றின் விளம்பரத்தைக் கண்டார். ஏறக்குறைய மூன்று பவுண்டு எடை. விலை 650 டாலர். ஆனால் மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே அது விற்கப்பட்டது, நோயாளிக்கு இல்லை. அவர் துணைவியார் மருத்துவராதலின் அவர் பெயரில் அதை வாங்கினார். நாள்தோறும் பலமுறை அளந்து, எந்த உணவால், எவ்வளவு இன்சுலினால் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று கணக்கு வைத்தார். உடல்நிலை தேறியது. கண்டதை எழுதி மருத்துவ ஏடுகளுக்கு அனுப்பினார், ஏற்கப்படவில்லை. தம் சொல் கேட்கப்பட வேண்டுமானால் தாமே மருத்துவராக வேண்டும் என்று முடிவு செய்து, 1979இல் 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். 1997இல் தம் முறையை விளக்கி ‘டாக்டர் பெர்ன்ஸ்டைனின் சர்க்கரை நோய்த் தீர்வு’ என்னும் நூலை வெளியிட்டார். 2025இல், 90 வயதில் மறைந்தார்.

சர்க்கரையைச் சீராகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடுகள் பெரிதும் குறையும் என்பதை 1,441 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 1993இல் உறுதி செய்தது. அவ்வாய்வில் தீவிரச் சிகிச்சை பெற்றவர்கள் தாமே விரலில் குத்தி நாளுக்குப் பலமுறை அளந்தவர்கள். நோயாளி கையில் அளவுகருவி இருக்கலாகாது என்றிருந்த காலம் அவ்வாறு மாறியது.

நூலாக நோக்கின் பெர்ன்ஸ்டைனின் எழுத்து இலக்கியமன்று. பொறியாளர் ஒருவரின் கையேடு. அதன் வலிமை, எதையும் எண்ணால் சொல்வது. அதன் குறை, எல்லோரையும் தம்மைப்போல் எண்ணிவிடுவது. நாளொன்றுக்கு 30 கிராம் அளவிலேயே மாவுப்பொருள் என்னும் அவர் உணவுக் கட்டுப்பாட்டை மருத்துவ உலகம் ஒருமனதாக ஏற்கவில்லை. சோறே உணவான குடும்பங்களுக்கு அது எளிதுமன்று. அவர் வீட்டில் ஒரு மருத்துவர் இருந்தார் என்பதையும் மறக்கலாகாது. வீட்டில் மருத்துவர் இல்லாதவர்க்கு, கணக்கு வைத்த ஒரு நோட்டுப் புத்தகமே துணை.

எல்லை எது?

நோயாளி தானே மருத்துவனாகிவிடுவதில் ஆபத்தும் உண்டு. அதற்குச் சான்று மருத்துவ மேதை இப்னு ஸீனாவின் இறுதி நாட்களே. மாணவர் ஜூஸ்ஜானீ எழுதிவைத்த வரலாற்றின்படி, குடல்வலி கண்ட இப்னு ஸீனா, மன்னரின் பயணத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்னும் அவசரத்தால் ஒரே நாளில் எட்டு முறை தமக்குத் தாமே வஸ்திச் சிகிச்சை செய்துகொண்டார், குடல் புண்ணாயிற்று. 1037இல் ஹமதானில் மறைந்தார். மாணவர் ஆசிரியரின் அவசரத்தை மறைக்காமல் எழுதியது அந்நூலின் பெருமை. பரிமேலழகரின் பகுப்பை மீண்டும் நினைவு கொள்க: மருத்துவன்வழி நிற்றலும் வேண்டும், நோய்நிலை உணர்த்தலும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டால் மருத்துவம் முடமாகும்.

நம் வீடுகளில்

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. ரமலான் வந்தால் அவர்களுள் முஸ்லிம்களின் நிலை என்ன? 2001இல் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நோயாளிகளிடையே நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுள் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாட்களேனும் நோன்பு நோற்றதாகத் தெரிந்தது. அம்மாதத்தில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு இவ்வகையினரிடையே ஏழு மடங்குக்கு மேல் பெருகியதும் தெரிந்தது. இவர்களுள் எத்தனை பேர் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசியிருப்பர்? நோன்பு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றஞ்சி, சொல்லாமலே மருந்தின் வேளையைத் தாமே மாற்றிக்கொள்வது நம்மிடையே சாதாரண வழக்கம்.

ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே பேச வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். யாருக்கு ஆபத்து மிகுதி, மருந்தின் அளவையும் வேளையையும் எவ்வாறு மாற்றுவது என்பன அப்போது முடிவாகும். நோன்பிருக்கும்போது சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்றும் அது கூறுகிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு முரணாக இல்லை. நோயால் நோன்பை விட அனுமதி உண்டா என்பதைத் தீர்மானிக்க ஹனஃபீ நூல்கள் கூறும் சான்றுகளுள் நோயாளியின் சொந்த அனுபவமும் ஒன்று. தகுதியுள்ள மருத்துவரின் சொல் மற்றொன்று. நோயாளியின் அனுபவத்தைச் சட்டமே சாட்சியமாக ஏற்கும்போது, அச்சாட்சியத்தை அவர் வெளியிடாமல் இருப்பது எங்ஙனம் நற்பண்பாகும்?

பெண்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மருத்துவர் எங்கே வலி என்று உம்மாவைக் கேட்கிறார். மகன் விடை சொல்கிறான். மருமகளைக் கேட்கிறார், கணவன் விடை சொல்கிறான். அவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும் அது கேட்டறிந்தவன் சொல். கண்டவள் சொல் அன்று. வலிப்பு நோயுற்ற அப்பெண்மணி தாமே வந்து தாமே பேசினார் என்பதை நம் ஆண்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உடன் செல்பவன் உடன் செல்லட்டும். பேச்சை அவளிடம் விடட்டும். கூச்சத்துக்குரிய நோயாயின் பெண் மருத்துவரை நாடுவதற்கும், தனியே பேச நேரம் கேட்பதற்கும் வீட்டார் துணை நிற்கட்டும்.

செய்யத்தக்கவை அரிய செயல்கள் அல்ல. எந்நாள், எவ்வேளை, என்ன உணவுக்குப் பின், எவ்வாறு இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தல். உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு தாளில் குறித்துக் காட்டுதல். விட்டுவிட்ட மருந்தையும் விட்ட காரணத்தையும் மறைக்காது சொல்லுதல். கேட்க வேண்டிய இரண்டு மூன்று கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு செல்லுதல். விளங்காததை மறுபடி கேட்டல். மருத்துவர் சொன்னதைத் தம் வாயால் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தல். உஸ்தாதிடம் ஓதிய பாடத்தை ஒப்புவிக்கிறோமே, அதைப் போன்றதே இது. சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவர் ஒழுக்க விதிகள் கூறுகின்றன. கேட்பது உரிமை, மரியாதையோடு கேட்பது நம் பண்பு.

எழுதுவோர்க்கு

திறனாய்வின் கடமை குற்றம் காண்பதோடு முடிவதில்லை. நம் எழுத்தாளர்களிடம் ஒன்று கேட்போம். மறைத்து மாண்ட தாயை எழுதியது போதும். மருத்துவர் முன் அமர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மகனைக் கையமர்த்திவிட்டுத் தன் வலியைத் தானே சொல்லும் தாயை எழுதுங்கள். மருந்து கசப்பதைப் பொறுப்பவளாகவும், கேட்ட கேள்விக்கு விடை பெறும்வரை எழாதவளாகவும் அவளைக் காட்டுங்கள். குணமாகாத நோயாயினும் ஆகுக. அவள் வாழும் நாட்களில் வேதனை குறைவாக இருக்கும். பொறுமை என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் நூல்கள் தந்த முழுப் பொருளும் அத்தகைய கதையில்தான் விளங்கும்.